மணற்பாவையும் துணிப்பாவையும்: உள்ளுணர்வுப் புனைவை வடசென்னைக் கடற்கரையில் வைத்து நோக்கல்

ஆய்வுச்சுருக்கம்

அச்சும் முன்வரைவும் இன்றிக் கை சென்ற வழியில் உருவாகும் பாவை கலை. அச்சில் அழுத்தி எடுக்கப்படுவது கைவினை. இன்றைய பாவைக்கலை உரையாடலில் இப்பகுப்பு வலுப்பெற்றுள்ளது. தமிழ்ச் சான்றுகளுக்கு இப்பகுப்பு பொருந்துமா என இக்கட்டுரை ஆராய்கிறது. சங்க இலக்கிய நெய்தல் பாடல்களின் வண்டற்பாவை, கொசப்பேட்டையின் மண்பொம்மை, 2004 ஆழிப்பேரலைக்குப் பின் தமிழகக் கடற்கரையில் தோன்றிய சுனாமிகா என்னும் துணிப்பாவை ஆகிய மூன்றும் ஒப்பிடப்படுகின்றன. உள்ளுணர்வு என்பது தனிமனித உள்ளத்தில் மட்டும் ஊறுவது அன்று. கைக்கெட்டும் தொலைவில் விலையின்றிக் கிடைக்கும் பொருளோடு கை கொள்ளும் உறவே அது என்பதும், அப்பொருள் பறிபோன இடத்தில் அதன் வாய்ப்பும் குறுகுகிறது என்பதும் இக்கட்டுரையின் முடிபுகள்.

திறவுச்சொற்கள்: வண்டற்பாவை, நெய்தல், உள்ளுணர்வு, அச்சு, கொசப்பேட்டை, சுனாமிகா, தண்டையார்பேட்டை

முன்னுரை

துணி, நூல், களிமண், மரத்துண்டு, பழைய பொத்தான் முதலியவற்றைக் கொண்டு ஒற்றைப் பாவையைச் செய்து அதனைச் சிற்பத்திற்கு இணையாகக் காட்சிக்கு வைக்கும் வழக்கம் இன்று உலகின் பல பகுதிகளில் பரவியுள்ளது. இவ்வகைப் பாவை குழந்தையின் விளையாட்டுப் பொருள் அன்று. வழிபாட்டுப் பொருளும் அன்று. இதனைச் செய்வோர் பெரும்பாலும் ஒரே கொள்கையை முன்வைக்கின்றனர். முன்கூட்டி வரைந்து கொள்ளாமல் தொடங்க வேண்டும்; கை எடுத்த துணியே அடுத்த துணியைத் தேர்ந்து தரும்; முகம் எப்படி அமையும் என்பது முகம் அமைந்த பிறகே தெரியவரும் என்பது அக்கொள்கை. படைப்பு நிகழும் முறை பற்றிய விளக்கமாக இது பயனுடையது. ஆயின் இதுவே மதிப்பீட்டு அளவுகோலாக மாறும்போது சிக்கல் எழுகிறது. திட்டமின்றிச் செய்தது உயர்வு, வழிவழி வந்த அச்சில் செய்தது தாழ்வு என்னும் தரவரிசை அதனுள் ஓசையின்றி நுழைந்துவிடுகிறது.

இத்தரவரிசையைத் தண்டையார்பேட்டையை மையமாகக் கொண்டு சோதிப்பதற்குக் காரணம் உண்டு. அவ்வூருக்குக் கிழக்கே கடல். தெற்கே வண்ணாரப்பேட்டையின் துணிக்கடைகளும் தையற்கூடங்களும். தென்மேற்கே சற்றுத் தொலைவில் கொசப்பேட்டையின் மண்பொம்மைத் தெருக்கள். மணல், துணி, களிமண் என்னும் மூன்று பாவைப்பொருள்களும் ஓரிரு மணி நேர நடைக்குள் அடங்கும் நிலப்பகுதி இது. அம்மூன்றில் ஒன்று இன்று ஏறத்தாழ இல்லாமற் போயிருக்கிறது. அந்த இழப்பு உள்ளுணர்வுக் கொள்கையை எங்ஙனம் திருத்துகிறது என்பதே இக்கட்டுரையின் வினா.

பாவையும் பொம்மையும்

தமிழில் இக்கலைக்கு இரண்டு சொற்கள் வழங்குகின்றன. பொம்மை என்னும் சொல்லுக்கு இணையானவை தெலுங்கிலும் கன்னடத்திலும் உள்ளன; அது இன்று பெரிதும் விளையாட்டுப் பொருளையும் கொலுப்படியையும் நினைவூட்டுகிறது. பாவை என்பதன் பொருட்பரப்பு பெரிது. செய்த உருவம், கண்மணி, பெண், கொல்லிமலையின் தெய்வ வடிவம் ஆகிய அனைத்தும் அச்சொல்லுள் அடங்கும். திருக்குறளில் இச்சொல் பயிலும் இடங்கள் இவ்விரிவைக் காட்டுகின்றன. 1123ஆம் குறளில் கண்ணின் மணிக்குள் தோன்றும் உருவம் காதலிக்கு இடம்விட்டு அகலுமாறு வேண்டப்படுகிறது. 407ஆம் குறளில் நுண்ணறிவு இல்லாதவனின் அழகுக்கு, மண்ணால் அழகுறப் புனைந்த பாவை உவமையாகிறது. 1020ஆம் குறளில் நாணம் அற்றவரின் நடமாட்டம் கயிற்றால் இயங்கும் மரப்பாவையோடு ஒப்பிடப்படுகிறது. ஓரிடத்தில் உயிரினும் நெருங்கியது. மற்ற இரண்டிடங்களில் உயிர்போலத் தோன்றி ஏமாற்றுவது. பாவையைப் பற்றிய தமிழ்ச் சிந்தனை இவ்விரு முனைகளுக்கு இடையே இயங்குவதாகக் கொள்ளலாம்.

பாவை செய்தலைக் குறிக்கும் வினைகளும் கருதத்தக்கவை. செய்தல், இழைத்தல், புனைதல், தைத்தல் ஆகியவை சங்கப் பாடல்களில் இச்சூழலில் வருகின்றன. அகநானூறு 60ஆம் பாடல் கடற்கரை வண்டல் விளையாட்டுக்கும், புறநானூறு 243ஆம் பாடல் மணற்பாவைக்குப் பூச்சூட்டுதற்கும் ‘தை’ என்னும் வினையையே ஆள்கின்றன. இன்று ஊசியும் நூலும் கொண்டு செய்யும் வேலைக்கு வழங்கும் சொல் அதுவே. மணலில் பாவை அமைத்தலும் துணியில் பாவை அமைத்தலும் வெவ்வேறு உலகங்கள் எனக் கருதுவதற்கு முன், ஒரே வினைச்சொல் இரண்டையும் தழுவி நிற்பதை நினைவிற் கொள்ள வேண்டும்.

வண்டற்பாவை: பொருளே பெயரான கலை

வண்டல் என்பது நீர் கொண்டுவந்து படியவிட்ட நுண்மண். அதைக் கொண்டு மகளிர் ஆடும் விளையாட்டுக்கும் அதுவே பெயராயிற்று. இங்குப் பாவை அதனைச் செய்தவளாலோ அது குறிக்கும் உருவத்தாலோ பெயர் பெறவில்லை. தான் ஆக்கப்பட்ட பொருளால் பெயர் பெறுகிறது.

உலோச்சனாரின் நற்றிணை 191ஆம் பாடல் இக்கலையின் இயல்பை நுட்பமாகப் பதிவு செய்கிறது. மகளிர் நெடுமணற்பரப்பில் பாவை இழைத்து வைத்திருக்கின்றனர். அருகிலுள்ள ஞாழல் மரத்தின் சிறுபூக்கள் உதிர்ந்து அப்பாவையின் மார்பில் மெல்லப் பரவுகின்றன; அவை இளமகளிர் மேனியில் தோன்றும் சுணங்கைப் போலக் காட்சியளிக்கின்றன. பாவையின் அழகை நிறைவு செய்தது செய்தவளின் கை அன்று, மரம். தற்செயலாக நேர்ந்த ஒன்றைக் குறையாக எண்ணி நீக்காமல், நிறைவாக ஏற்றுக்கொள்ளும் பார்வை இப்பாடலில் உள்ளது. எதிர்பாராதது படைப்புக்குள் இடம்பெற வேண்டும் என்னும் இன்றைய கொள்கையின் சாரம் இதுவே. ஆனால் அந்த எதிர்பாராமை உள்மனத்திலிருந்து வந்ததாக இங்குச் சொல்லப்படவில்லை, நிலத்திலிருந்து வருகிறது.

ஐங்குறுநூற்றின் நெய்தல் பகுதியில் அம்மூவனார் பாடிய கிழவற்கு உரைத்த பத்து (121–130) பாவையின் மறுபக்கத்தைக் காட்டுகிறது. 124ஆம் பாடலில் வண்டற்பாவையைக் கடல் கவர்ந்து சென்றதால், சிறுமி ஒருத்தி நுண்மணலை அள்ளி எறிந்து அக்கடலையே தூர்க்க முனைகிறாள். 125ஆம் பாடலில் அலை பாவையைக் கொண்டுபோகக் கண் சிவக்க அழுது நிற்கிறாள். 128ஆம் பாடலில் உண்ணாத பாவைக்குப் பாலூட்ட முயல்கிறாள். பாவை நிலையற்றது என்பது செய்தவளுக்குத் தெரியாததன்று. அலை எட்டும் இடத்தில்தான் அவள் அதனைச் செய்தாள். ஆயினும் இழப்பு உண்மையான இழப்பாகவே நிகழ்கிறது. அழியும் என்று அறிந்து செய்தவற்றுக்காக அழத் தேவையில்லை என்னும் தத்துவச் சமாதானத்திற்கு இப்பாடல்களில் இடமில்லை.

இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. இப்பத்துப் பாடல்களும் ஊடற் சூழலில், தலைவனோடு தொடர்புடைய மற்றொரு பெண்ணை எள்ளி உரைப்பனவாகக் கொள்ளப்படுகின்றன. பாவைக்காக அழுபவள் இன்னும் சிறுபிள்ளை என்பதே அக்கூற்றின் குத்தல். அதாவது பாவையைச் செய்தவள் இங்குப் பேசவில்லை, பேசப்படுகிறாள். புறநானூறு 243இல் தொடித்தலை விழுத்தண்டினார் தம் முதுமையில் நின்று, மகளிரின் மணற்பாவைக்குப் பூச்சூட்டிய இளமையை எண்ணி இரங்குகிறார். அங்கும் பாவை ஒரு முதியவரின் நினைவுப் பொருள். அகநானூறு 60இல் வண்டல் அயர்ந்தால் மகளின் ஒளி வாடுமே எனச் சினப்பவள் தாய். எள்ளல், இரங்கல், கண்டிப்பு ஆகிய மூன்றும் மற்றவர் குரல்கள்.

செய்தவளின் குரல் தெளிவாகக் கேட்பது ஆண்டாளின் நாச்சியார் திருமொழி இரண்டாம் திருமொழியில். அங்குச் சிதைக்கப்படுவது பாவை அன்று, சிற்றில். எனினும் பொருளும் செயலும் ஒன்றே. நுண்மணலைத் தெள்ளி எடுத்த உழைப்பையும், நெடுநேரம் அமர்ந்து இழைத்ததால் முதுகு நொந்ததையும் அம்மகளிர் கண்ணனிடம் எடுத்துரைக்கின்றனர். பார்ப்பவர்க்கு விளையாட்டாகத் தோன்றுவது செய்பவர்க்கு முதுகுவலியாக இருக்கிறது. தன்னெழுச்சி என்றால் முயற்சியின்மை என்னும் எளிய கருத்தை இத்திருமொழி மறுக்கிறது. மணலைச் சலிக்காமல் சிற்றில் எழாது. துணியை நிறம் பார்த்துப் பிரிக்காமல் பாவை எழாது. உள்ளுணர்வு இயங்குவதற்கு முன்னரே கை நெடுநேரம் வேலை செய்திருக்கிறது.

அச்சுக்குள் இருக்கும் கை

கொசப்பேட்டை, குயவர் குடியிருப்பாகத் தோன்றிக் கொலுப் பொம்மைகளுக்கும் விநாயகர் உருவங்களுக்கும் பெயர்பெற்ற பகுதி. மதுரையை அடுத்த விளாச்சேரி, பண்ருட்டி ஆகிய ஊர்களைப் போல இங்கும் அச்சே தொழிலின் அடிப்படை. பக்குவப்படுத்திய களிமண் முன்பாதி, பின்பாதி என்னும் இரண்டு அச்சுகளில் அழுத்தப்படுகிறது. இரு பாதிகளும் ஒட்டப்பட்டு, ஒட்டுவாய் வழித்துச் சீராக்கப்படுகிறது. நிழலில் உலர்த்திச் சுட்டபின் வண்ணம் பூசப்படுகிறது. காகிதக்கூழ்ப் பொம்மைகளிலும் வரிசை ஏறத்தாழ இதுவே. நவராத்திரி வருவதற்குள் சரக்கு கடைக்குச் சேர வேண்டும் என்பதால் ஒரே உருவம் நூற்றுக்கணக்கில் எடுக்கப்படுகிறது.

உள்ளுணர்வுக் கொள்கையின்படி இங்குப் படைப்புக்கு இடமில்லை. ஆனால் செய்முறையை நெருங்கி நோக்கினால் அச்சால் ஆகாத இடங்கள் தெளிவாகத் தெரிகின்றன. ஒட்டுவாயை வழிக்கும் விரலின் அழுத்தம், புருவத்தின் வளைவு, எல்லாவற்றிற்கும் மேலாகக் கண் எழுதுதல் ஆகியவை ஒவ்வொரு பொம்மைக்கும் தனித்தனியே நிகழ்பவை. கருவிழி மயிரிழை அளவு விலகினால் பார்வை மாறிவிடும். பார்வை மாறினால் தெய்வத்தின் முகம் வேறொருவரின் முகமாகிவிடும். தூரிகையை ஊன்றும் அந்த நொடியில் வரைபடம் உதவாது, அளவுகோலும் உதவாது. பல்லாயிரம் கண்களை எழுதிய கையின் பழக்கமே அங்கு முடிவெடுக்கிறது. இதற்கு உள்ளுணர்வு என்பதன்றி வேறு பெயரிட இயலாது. ஒரே அச்சில் பிறந்த இரண்டு பொம்மைகளைக் கொலுப்படியில் அருகருகே வைத்தால் அவை உடன்பிறந்தாரைப் போல இருக்கின்றன. ஒருவரே இருவராக நிற்பதைப் போல இருப்பதில்லை.

அச்சும் வானத்திலிருந்து விழுந்ததன்று. எப்போதோ ஒரு கை அச்சின்றிப் பிசைந்த முதல் உருவத்திலிருந்தே அது எடுக்கப்பட்டது. கீழடி போன்ற அகழாய்வுகளில் வெளிப்பட்டுள்ள சுடுமண் மனித, விலங்கு உருவங்கள் மண்ணைப் பிசைந்து உருவாக்கும் வழக்கத்தின் தொன்மையைக் காட்டுகின்றன. அச்சு என்பது அத்தகைய கையின் நினைவு. கண் எழுதுதல் அந்நினைவுக்கு மீண்டும் உயிர் தருவது. எனவே அச்சையும் உள்ளுணர்வையும் எதிரெதிர்த் துருவங்களாக நிறுத்துவது செய்முறைக்கு மாறானது.

உள்ளுணர்வு என்னும் அளவுகோலின் வரலாறு

அவ்வாறாயின் அவ்வெதிர்நிலை எங்கிருந்து வந்தது? ஐரோப்பிய நவீனத்துவத்தில் அதன் ஒரு வேர் தெளிவாகத் தெரிகிறது. 1924இல் ஆந்த்ரே பிரெத்தோன் வெளியிட்ட மீமெய்யியல் அறிக்கை, அறிவின் கட்டுப்பாடின்றி உள்ளம் தானே இயங்குவதைப் படைப்பின் இலக்கணமாக்கியது. 1930களில் ஜெர்மானியக் கலைஞர் ஹான்ஸ் பெல்மர் உருவாக்கிய, உறுப்புகளை மாற்றி மாற்றிப் பூட்டத்தக்க பாவை அவ்வியக்கத்தினரால் கொண்டாடப்பட்டது. பாவை கலைக்கூடத்துக்குள் நுழைந்தது. அதனோடு ‘ஆழ்மனம்’ என்னும் உரிமைச்சீட்டும் நுழைந்தது. படைப்பின் ஊற்று செய்பவரின் உள்ளே இருப்பதாகக் கொண்டதால், வெளியே இருந்த பொருள் இரண்டாம் இடத்துக்குத் தள்ளப்பட்டது.

இதற்கு மாற்றான பார்வைகளும் உண்டு. கிளோத் லெவி-ஸ்த்ராஸ் 1962இல் வெளியிட்ட நூலில், கையிலிருக்கும் எச்சங்களைக் கொண்டே வேலையை முடிக்கும் சிந்தனைமுறையை விளக்கினார். அங்குப் பொருளே உரையாடலைத் தொடங்குகிறது. இந்தியாவில் இதற்குப் பெருஞ்சான்று சண்டிகரின் நேக் சந்த். பொதுப்பணித் துறையில் சாலை ஆய்வாளராக இருந்த அவர், புதுநகர் எழுவதற்காக இடிக்கப்பட்ட ஊர்களின் உடைசல்களை 1950களின் பிற்பகுதி முதல் யாரும் அறியாமல் சேர்த்து உருவங்கள் செய்தார். 1976இல் அது பாறைத் தோட்டமாக மக்களுக்குத் திறக்கப்பட்டது. கந்தல் துணியாலும் அவர் ஆளுயரப் பாவைகள் செய்தார். முறையான கலைக்கல்வி பெறாதவரின் தன்னெழுச்சி என்று அவர் போற்றப்படுகிறார். அது உண்மையே. ஆயினும் அவர் கைக்கு உடைந்த வளையலும் ஓடும் ஏராளமாகக் கிடைத்ததற்கு ஊர்கள் இடிந்த வரலாறு காரணமாக இருந்தது. தன்னெழுச்சியின் மூலப்பொருளுக்கும் ஒரு வரலாறு உண்டு என்பதை அவர் தோட்டம் மெய்ப்பிக்கிறது.

சுனாமிகா: கடலுக்கு ஒரு மறுமொழி

2004 டிசம்பர் 26 அன்று எழுந்த ஆழிப்பேரலை தமிழகத்தில் ஏறத்தாழ 8,000 உயிர்களைக் கொண்டது. அதன் பின்னர், புதுச்சேரியை அடுத்த ஆரோவில்லில் உமா பிரஜாபதி நிறுவிய உபாசனா வடிவமைப்பகம், பாதிக்கப்பட்ட மீனவக் கிராமப் பெண்களுக்குக் கைவேலைப் பயிற்சி அளித்தது. தையலில் மிஞ்சிய துண்டுத்துணியால் அவர்கள் செய்த விரலளவுப் பாவையே சுனாமிகா. துயரைத் தணிக்கும் வேலையாகவும் வருவாயாகவும் தொடங்கிய இம்முயற்சியில் பல இலட்சம் பாவைகள் செய்யப்பட்டுள்ளன. சுனாமிகா விற்கப்படுவதில்லை; கொடையாகவே வழங்கப்படுகிறது. நன்கொடையிலிருந்து செய்தவர்க்குக் கூலி சேர்கிறது.

ஐங்குறுநூறு 124ஆம் பாடலோடு இதனை ஒப்புநோக்குதல் தகும். பாவையைக் கொண்டுபோன கடலை நோக்கிச் சிறுமி மணலை எறிந்தாள். உறவுகளைக் கொண்டுபோன கடலின் கரையில் பெண்கள் பாவை தைத்தனர். இரண்டும் கடலை வெல்லக்கூடிய செயல்கள் அல்ல. கை சும்மா இருக்க முடியாத நேரத்தில் அருகிலிருந்ததை எடுத்துக்கொண்டது என்பதே இரண்டுக்கும் பொது. உள்ளுணர்வு என்னும் சொல்லுக்கு இதைவிட உறுதியான பொருள் காண்பது அரிது.

எனினும் சுனாமிகாவைத் திறனாய்வுக்கு அப்பாற்பட்டதாக வைத்தல் ஆகாது. அதன் வடிவம் ஏறத்தாழ நிலைபெற்றது. ஒரே மாதிரியை மீண்டும் மீண்டும் செய்வதால் அதுவும் ஒருவகை அச்சே. கொசப்பேட்டைப் பொம்மைக்கு ‘கைவினை’ என்றும் சுனாமிகாவுக்கு ‘உள்ளத்தின் வெளிப்பாடு’ என்றும் பெயரிடுவோர், இரண்டிலும் நிகழும் மறுசெய்கையைக் காணத் தவறுகின்றனர். மேலும் அமைப்பின் பெயரும் வடிவமைப்பாளரின் பெயரும் பதிவாகின்றன. தைத்த பெண்களோ ‘மீனவப் பெண்கள்’ என்னும் பன்மைக்குள் நிற்கின்றனர். நெய்தல் பாடல்களில் பாவை செய்தவள் பிறரால் பேசப்பட்டதைப் போன்றதே இதுவும். தனியொருவர் ஒரே ஒரு பாவை செய்தால் உள்ளுணர்வு அவர் பெயரில் எழுதப்படுகிறது. ஊர்ப்பெண்கள் இலட்சம் பாவை செய்தால் அது நலத்திட்டமாகிவிடுகிறது. மாறியது பாவையின் தன்மை அன்று, அதனைப் பதிவு செய்யும் முறை.

மணல் நீங்கிய கரை

இவ்விடத்தில் தண்டையார்பேட்டை தன் சான்றை முன்வைக்கிறது. சோழமண்டலக் கடற்கரையில் ஆண்டு முழுவதும் நிகழும் மணல் நகர்வின் நிகர விளைவு தெற்கிலிருந்து வடக்கு நோக்கியது. 1870களில் சென்னைத் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்கள் கடலுக்குள் நீட்டப்பட்டபோது அந்நகர்வு தடைப்பட்டது. 1881ஆம் ஆண்டுப் புயல் அச்சுவர்களைச் சிதைத்தும் பணி கைவிடப்படவில்லை. சுவருக்குத் தெற்கே மணல் குவிந்து மெரினா அகன்றது. வடக்கே இராயபுரம் தொடங்கி எண்ணூர் நோக்கிய கரைக்கு வந்து சேர வேண்டிய மணல் வரவில்லை. அலை கரையைத் தின்றது. பின்னர் கரையைக் காக்கக் கருங்கற்கள் கொட்டப்பட்டன. நகரத்தின் ஒரு பகுதி உலாவும் மணற்பரப்பைப் பெற்றது. மறுபகுதி கற்குவியலைப் பெற்றது.

பொறியியல், மீன்பிடி வாழ்வாதாரம், குடியிருப்பு ஆகிய நோக்குகளில் இவ்விழப்பு பேசப்பட்டுள்ளது. கலை நோக்கிலும் இது பேசப்பட வேண்டியது. வண்டற்பாவைக்கு வேண்டியது மூன்றே: நுண்மணல், ஈரம், எட்டி நிற்கும் அலை. கருங்கல் தடுப்பில் ஈரமும் அலையும் உண்டு, மணல் இல்லை. காசிமேட்டிலோ தண்டையார்பேட்டைக் கரையிலோ வளரும் சிறுமிக்குச் சங்கப்பாடல் சிறுமியின் கையும் கற்பனையும் குறைவின்றி இருக்கலாம். கல்லில் பாவை இழைக்க இயலாது. உள்ளுணர்வு முழுவதும் உள்ளத்தில் உறைவது என்னும் கொள்கைக்கு இக்கரை நேர்மறுப்பு.

மணல் போனபின் அந்நிலத்தில் விலையின்றிக் கிடைக்கும் பொருள் துணி. கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்தில் துணி வெளுப்போரின் குடியிருப்பாக எழுந்தது வண்ணாரப்பேட்டை. நெசவாளர்க்காக ஆளுநர் காலெட் பெயரில் அமைந்தது திருவொற்றியூரின் காலடிப்பேட்டை. பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. சாலையில் இன்றும் ஆடை வணிகம் செழிக்கிறது. தையல் எந்திரத்தின் காலடியில் சேரும் துண்டுத்துணியே இன்றைய வடசென்னையின் வண்டல். அதுவும் ஓர் ஓட்டம் கொண்டுவந்து படியவிட்டதே; ஆற்றுநீருக்கு மாறாக வணிகம் அதனைக் கொணர்கிறது. ‘தை’ என்னும் வினை மணலிலிருந்து துணிக்குப் பெயர்ந்ததை இந்நிலத்தின் வரலாறே விளக்குகிறது எனலாம்.

இப்பெயர்ச்சியை ஈடு எனக் கொண்டு அமைதியடைதல் பொருந்தாது. மணற்பாவைக்கு உடைமையாளர் இல்லை. அதனை விற்கவும் இயலாது, சேர்த்து வைக்கவும் இயலாது. துணிப்பாவை நிலைத்திருக்கும்; ஆகவே விலை, பெயர், காட்சிக்கூடம் ஆகியவை அதனைத் தொடர்கின்றன. மணலை இழந்த கரை, அழிவதற்காகவே செய்யும் உரிமையையும் இழந்தது.

முடிவுரை

கையால் புனையும் பாவையை மதிப்பிடுவதற்கு ‘அச்சா, உள்ளுணர்வா’ என்னும் வினா போதுமானதன்று. வண்டற்பாவை முழுத் தன்னெழுச்சியிலும் உழைப்பு உண்டு என்பதையும், கொசப்பேட்டைப் பொம்மை முழு மறுசெய்கையிலும் உள்ளுணர்வு உண்டு என்பதையும், சுனாமிகா இவ்விரண்டும் ஒரே கையில் சேரும் என்பதையும் காட்டுகின்றன. இவற்றைத் தழுவிய திறனாய்வு வேறு மூன்று வினாக்களை எழுப்ப வேண்டும். பொருள் எங்கிருந்து, எவ்வழியாகக் கைக்கு வந்தது? அதனைப் பாவைக்கு உரியதாக்க எவ்வளவு உழைப்பு முன்னரே செலவாயிற்று? உள்ளுணர்வு யார் பெயரில் பதிவாயிற்று?

கொலுக்காலத்தில் கண் எழுதுபவரையும், துண்டுத்துணியில் பாவை தைக்கும் கடற்கரைப் பெண்ணையும் கலைஞர் என்னும் சொல்லுக்குள் கொண்டுவருவதற்கு இவ்வினாக்கள் வழிசெய்யும். கலைக்கல்வி, அருங்காட்சியகம், நாட்டார் வழக்காற்றியல் ஆகிய துறைகள் பாவையின் உருவத்தை மட்டும் ஆவணப்படுத்தாமல், அதன் பொருள் கிடைக்கும் நிலத்தையும் ஆவணப்படுத்த வேண்டும். அவ்வகையில் தண்டையார்பேட்டைக் கரையின் கருங்கற்களும் தமிழ்ப் பாவைக்கலை வரலாற்றின் ஆவணமே.